நூறு எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டு கிலோபைட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு இணையம் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்தோம். 'இணையம் மெதுவாக இருந்தால் அடுத்த திட்டத்துக்கு மாறுங்கள், நூறு எம்பிபிஎஸ் முந்நூறு ஆனால் வேகம் மூன்று மடங்கு' என்று அதில் இருந்தது. என் மனைவி பேப்பரை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "பாத்தீங்களா, பேப்பர்லயே போட்டுட்டாங்க, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றிப் பார்த்தவன் நான். நாற்பது எம்பிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு) நூறுக்கு மாறிய அன்றைக்கும் என் கணினியில் கோப்பு இறங்கிய வேகம் நொடிக்கு எட்டு கிலோபைட். மாறுவதற்கு முந்தைய நாளும் அதே எட்டுதான். அந்தக் கதையை எழுதினால் கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயம் வாசகர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு ஊழியனாக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது ஐடிஐ. சிக்னலை இயக்கும் மின்சுவிட்சான ரிலே ஒன்று விழுந்தால், ஏன் விழுந்தது என்று மூடியைத் திறந்து பார்த்தே பழகிய கை. கணினி ஒன்றுதான் திறந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பெட்டியாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு சி மொழி படித்து, ஒரு பழைய பென்டியம் கணினியில் சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுத ஆரம்பித்தேன். விண்டோஸ், லினக்ஸ் என்கிறோமே, அந்த வகை. ஆனால் அவை மலை, இது மடு. அதற்குக் 'கைகாட்டி' என்று பெயர் வைத்திருக்கிறேன். ரயில் சிக்னலாக நின்ற கைகாட்டி மரம் பார்த்த தலைமுறைக்குப் புரியும். கறுப்புத் திரையில் எழுத்து வரும், கோப்பைத் திறக்கும், நான்கைந்து கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். உலகத்தில் அதைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் நான்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸை அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எல்லாம் வராது என்று சொன்னார். அவர் சொன்னது பலிக்கவில்லை. என்னுடையது நிச்சயம் பலிக்கும்.

அதற்கு இணையம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை மூன்றாவது வருடம் வந்தது. பழைய சாமான் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கினேன். ஆர்டிஎல் 8139 என்ற சிப் உள்ள கார்டு. சொந்தமாக இயங்குதளம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கை வைக்கிறார்கள், ஏனென்றால் எளிது. எளிது என்றால் எப்படி? வந்த தரவைப் படித்து முடித்ததும், எதுவரை படித்தேன் என்று கார்டுக்கு ஓர் எண் எழுத வேண்டும். அந்த எண்ணை 16 குறைத்து எழுத வேண்டும். ஏன் 16 என்று நம் அறிவுக்கு எட்டும்படி எங்கும் இல்லை. குறைக்காமல் எழுதினால் கார்டு கொஞ்ச நேரம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு மௌனமாகிவிடும். இந்தப் பதினாறுக்கு எனக்கு ஐந்து வாரம் ஆனது.

அதற்கு மேலே டிசிபி. நெட்டில் நாம் பார்க்கும் பக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒழுங்குமுறையில்தான் வந்து சேர்கிறது. பெரிய கோப்பைச் சிறு சிறு பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பதில் வாங்கி, வராததை மறுபடி அனுப்பும் வேலை. தயாராக எழுதி வைத்திருக்கும் டிசிபியை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். நான் பிடிவாதமாக நானே எழுதினேன். எழுதி முடித்து, ஜெர்மனியில் உள்ள ஒரு சர்வரிலிருந்து பத்து மெகாபைட் சோதனைக் கோப்பை இறக்கினேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. சென்னையில் உள்ள சர்வரிலிருந்து அதே அளவுக் கோப்பு இரண்டு நிமிடத்தில் வந்தது. அப்போதுதான் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினேன். மாறியும் இரண்டு எண்களும் அசையவில்லை.

இதை யோசித்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது டோக்கன் கருவி. விருதுநகர் – தென்காசி மாதிரி ஒற்றைத் தடத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்காக அந்தக் காலத்தில் இரண்டு ஸ்டேஷனிலும் மின்கம்பியால் இணைத்த ஒரு கருவி இருக்கும். உள்ளே எஃகு உருண்டைகள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நேரத்தில் ஓர் உருண்டைதான் வெளியே வரும். அதைப் பையில் போட்டு வளையத்தோடு டிரைவரிடம் கொடுப்பார்கள். அவர் அடுத்த ஸ்டேஷனில் அதை ஒப்படைத்து, அங்கே கருவிக்குள் உருண்டை போன பிறகுதான் இங்கே அடுத்தது வெளிவரும். பாதுகாப்புக்கு அதைவிட நல்ல ஏற்பாடு அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் பக்கத்தில் இன்னும் எத்தனை தண்டவாளம் போட்டாலும், வெளியே வரும் உருண்டை ஒன்றுதான் என்றால் சரக்கு அதிகம் போய்விடாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு.

என் டிசிபி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று ஒவ்வொரு பதிலிலும் எதிர்முனைக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்கு விண்டோ என்று பெயர். என் பதில் வருவதற்கு முன் அத்தனை பைட்டுக்கு மேல் எதிர்முனை அனுப்பக் கூடாது. எதற்கு வம்பு என்று நான் 1460 என்று எழுதி வைத்திருந்தேன். அதாவது ஒரே ஒரு பெட்டி. ஒன்று வரும், பதில் போகும், அடுத்தது வரும். எங்கள் வீட்டிலிருந்து அந்த ஜெர்மன் சர்வருக்குப் போய்த் திரும்ப 180 மில்லிநொடி. ஒரு நொடியில் ஐந்தரை முறை போய் வரலாம். 1460-ஐ 0.18-ஆல் வகுத்தால் 8111. அதுதான் என் எட்டு கிலோபைட். சென்னைக்கு 18 மில்லிநொடி என்பதால் பத்து மடங்கு. கணக்கில் என் இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ் என்ற எண் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முந்நூறு என்றாலும் எட்டுதான், ஆயிரம் என்றாலும் எட்டுதான்.

இந்த 180-ஐக் குறைக்கப் பணம் கட்ட முடியுமா என்றால், முடியாது. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பறவை பறக்கிற கணக்கில் பார்த்தாலே 7,500 கிலோமீட்டருக்குக் குறையாது. போய்வர 75 மில்லிநொடி ஒளிக்கே தேவை. கடலடிக் கேபிள் பறவை மாதிரி நேராகப் போவதில்லை, அரபிக்கடலையும் செங்கடலையும் சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் எத்தனையோ ரூட்டர்கள் வேறு.

சரி, விண்டோவைக் கூட்டினால் போதுமே என்று 8192 என்று மாற்றினேன். நொடிக்கு 45 கிலோபைட் வந்தது, கோப்பு நான்கு நிமிடத்துக்குள் இறங்கியது. சந்தோஷத்தில் 65,535-க்கு ஒரேயடியாக ஏற்றினேன். கணக்குப்படி 364 கிலோபைட் வர வேண்டும். வந்தது இருபது. முன்பைவிட மோசம்.

இந்த இடத்தில் நான்கு நாள் தூக்கம் போனது. மகளின் பழைய மடிக்கணினியைக் கைகாட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் வைத்து, வயர்ஷார்க் என்ற மென்பொருளைப் போட்டு, போகிற வருகிற பெட்டிகளை எல்லாம் எண்ணினேன். திரையில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு வரிகள். பெட்டிகள் தொலைந்து, மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தன. ஆனால் தொலைந்தது கடலில் இல்லை. மடிக்கணினி வரை எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. அதைத் தாண்டி என் கணினிக்குள்தான் தொலைந்தது. கார்டுக்கு நான் ஒதுக்கியிருந்த சேமிப்பு எட்டு கிலோபைட். முழு அளவுப் பெட்டி ஐந்து நின்றால் நிறைந்துவிடும். நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் அது நிறைய ஒரு மில்லிநொடிகூட வேண்டாம். கைகாட்டியோ திரையில் ஒரு வரி மேலே நகர்த்துவதற்கு மூன்று மில்லிநொடி எடுத்துக்கொண்டு, அதுவரை கார்டு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் இருந்தது. இறக்கம் எத்தனை சதவீதம் ஆனது என்று திரையில் ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தேனே, அந்த வரிதான் பெட்டிகளைத் தொலைத்தது. ஐந்து பெட்டி நிற்கும் யார்டுக்கு 44 பெட்டி அனுப்பச் சொல்லிவிட்டு, வந்தபோது கேட்டைப் பூட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கார்டின் சேமிப்பை 32 கிலோபைட் ஆக்கினேன். அந்தச் சிப்பில் அதற்கு இரண்டு பிட் அளவுள்ள ஓர் எண்ணை மாற்றினால் போதும். திரை வேலையைப் பிறகு செய்யும்படி ஒதுக்கினேன். அடுத்த இறக்கத்தில் 350 கிலோபைட் வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் பக்கத்து வீட்டு வாசலில் போய்ச் சொன்னேன். அவர்கள், "அப்போ எங்க பிரின்டரையும் பார்த்துத் தாங்க" என்றார்கள்.

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 350 கிலோபைட் என்றால் எம்பிபிஎஸ் கணக்கில் மூன்றுக்கும் குறைவு. நூறுக்குக் காசு கட்டுகிறவனுக்கு மூன்று. இதற்கு மேலே ஏற முடியாததற்குக் காரணம் 1981-ல் இருக்கிறது. இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அந்த வருடம் செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793-ல்தான் டிசிபியின் வடிவம் எழுதப்பட்டது. அதில் விண்டோ எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கினார்கள். 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அன்றைய வேகத்துக்கு அது தாராளம். 1992-ல் ஆர்எஃப்சி 1323-ல் ஒரு வழி கண்டார்கள்: இரண்டு பக்கமும் இணைப்பைத் தொடங்கி முதலில் கைகுலுக்கும்போதே, 'நான் சொல்லும் எண்ணை இத்தனை முறை இரட்டித்துக்கொள்' என்று பேசி வைத்துக்கொள்வது. 14 முறை வரை இரட்டிக்கலாம். கைகுலுக்கலில் சொல்ல மறந்தால் அந்த இணைப்பு முடியும்வரை கிடையாது. எண் எழுதும் 16 பிட் இடம் மாறவில்லை, பழைய கணினிகள் எதுவும் உடையவில்லை. பழைய ஸ்டேஷனை இடிக்காமல், வண்டி ஒதுங்கி நிற்கப் புதிய லூப் லைன் போட்ட மாதிரியான வேலை. அதைப் படித்தபோது எழுதியவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம், கைகுலுக்கும் பெட்டியில் இருக்கும் விண்டோவை மட்டும் இரட்டிக்கக் கூடாது என்ற விதியைக் கவனிக்காமல் இரண்டு நாளை வீணடித்தேன்.

என் இணைப்பை முழுக்க நிரப்ப வேண்டுமானால் நூறு எம்பிபிஎஸ்ஸை 0.18-ஆல் பெருக்க வேண்டும். இரண்டேகால் மெகாபைட் வருகிறது. அத்தனை தரவு எந்த நேரமும் வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் இரண்டு முறை இரட்டித்து 256 கிலோபைட்டில் நிறுத்திக்கொண்டேன். ஜெர்மனிக் கோப்பு எட்டு நொடியில் இறங்குகிறது. இருபது நிமிடத்திலிருந்து எட்டு நொடி. திட்டம் அதே திட்டம்.

இதுவரை சொன்னது எனக்கு மட்டும் நஷ்டம் வைத்த எண். அடுத்தவனுக்கு நஷ்டம் வைக்கும் எண்ணும் ஒன்று உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அனுப்பிய பெட்டிக்குப் பதில் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவது? வீட்டுக்குள் இரண்டு கணினிக்கு நடுவே சோதித்தபோது பதில் ஒரு மில்லிநொடியில் வந்தது. 200 மில்லிநொடி பொறுத்தால் தாராளம் என்று அந்த எண்ணை நேரடியாக எழுதிவிட்டேன். தினமும் இரவு என் நிரல்களை ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குக் கைகாட்டி அனுப்பும். பகலில் 180, சரி. இரவு எட்டு மணிக்கு மேல் ஊரே படம் பார்க்கும் நேரத்தில் அது 210, 230 என்று போகும். பதில் வந்துகொண்டிருக்கும்போதே, தொலைந்துவிட்டது என்று நினைத்து என் கணினி ஒவ்வொரு பெட்டியையும் இரண்டாவது முறை அனுப்பியிருக்கிறது. நெரிசல் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து இரட்டிப்புச் சரக்கு ஏற்றியிருக்கிறேன். எத்தனை மாதம் அப்படி ஓடியது என்று எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

ஒரு கணினி செய்தால் யாருக்கும் தெரியாது. எல்லாக் கணினியும் செய்தால் என்ன ஆகும் என்பது 1986 அக்டோபரில் தெரிந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நானூறு கெஜ தூரம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்தது நாற்பது பிட்டாக விழுந்தது. ஆயிரம் இல்லை, வெறும் நாற்பது. கம்பி அறுந்துபோகவில்லை. அவசரப்பட்டு மறுபடி அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பிக் கணினிகளே பாதையை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சன் என்பவர் மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 1988-ல் எழுதிய கட்டுரையின் பலனில்தான் இணையம் இன்றும் நடக்கிறது என்பது என் கட்சி. பொறுக்கும் நேரத்தை யாரும் எழுதி வைக்கக் கூடாது, கணினியே அளந்து அளந்து திருத்திக்கொள்ள வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டிக்கொள். புதிதாக அளந்ததை எட்டில் ஒரு பங்கு மட்டும் நம்பு, பழைய அனுபவத்தை ஏழு பங்கு நம்பு. எட்டால் வகுப்பதற்குக் கணினியில் வகுத்தலே வேண்டாம், மூன்று பிட் நகர்த்தினால் போதும். என் பழைய பென்டியத்துக்கும் அது சுமை இல்லை.

அதிலும் ஒரு முடிச்சு. ஒரே கடிதத்தை இரண்டு முறை தபாலில் போட்டேன், ஒரு பதில் வந்தது. அது முதல் கடிதத்துக்கா, இரண்டாவதுக்கா? முதலாவதுக்கு என்று எடுத்தால் ஒரு கணக்கு, இரண்டாவதுக்கு என்றால் வேறு கணக்கு. ஃபில் கார்ன் என்பவர் 1987-ல் கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து இதற்குச் சொன்ன பதில், இரண்டு முறை அனுப்பியதை அளக்கவே அளக்காதே, விட்டுவிடு என்பது. அதோடு, ஒரே முறை அனுப்பிய பெட்டிக்குப் பதில் வரும்வரை, கூட்டி வைத்த பொறுக்கும் நேரத்தைக் குறைக்காதே என்பதும். இந்த ஃபில் கார்ன் ஒரு ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்பி வாங்குகிறவர். ரேடியோவில் டிசிபியை ஓட்டிப் பார்ப்பதற்காக அவர் எழுதிய மென்பொருளுக்குத் தன் ரேடியோ அழைப்புக் குறியான 'கே ஏ 9 க்யூ' என்பதையே பெயராக வைத்தார். பெட்டி தொலைவது ரேடியோவில் தினசரி சமாசாரம் என்பதால் இந்த முடிச்சு அவர் கண்ணில் பட்டது. பொழுதுபோக்கு என்று என்னைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இவர்தான். இன்று உங்கள் கைபேசியிலும் அவருடைய விதி இருக்கிறது.

இன்னொரு எண்ணைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி 1500 பைட் வரை இருக்கலாம் என்பது ஈதர்நெட் வழக்கம். எங்கள் வீட்டு இணைப்பு பயனர்பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் வகை. அதற்கான உறை எட்டு பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. இது தெரியாமல் நான் முழு அளவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலான தளங்கள் வந்துவிட்டன. சில தளங்கள் மட்டும் கைகுலுக்கிவிட்டு அப்படியே நின்றுவிடும். சின்னப் பெட்டி நுழைந்தது, பெரிய பெட்டி நுழையவில்லை. செங்கோட்டை மலைப் பாதையில் குகைக்குப் பொருந்தாத வண்டியை அனுப்பின மாதிரி. வண்டி பெரிது என்று திரும்பிச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, 1990-லேயே விதி எழுதிவிட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வழியில் யாரோ அந்தச் செய்தியையும் தடுத்து வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் முகவரியும் எண்ணும் எழுதும் 40 பைட் போக, தரவுக்கான அளவை 1460-லிருந்து 1452 ஆக்கியதும் எல்லாம் திறந்தது. எட்டு பைட். இதற்காக நான் ரூட்டரை இரண்டு முறை மாற்றியிருந்தேன் என்பதை மனைவிக்குச் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கைகாட்டி வைத்திருப்பவனின் பாடு, எங்களுக்கு எதற்கு என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். நியாயம்தான். உங்கள் கைபேசியும் கணினியும் விண்டோவைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. விண்டோஸில் விஸ்டாவிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதற்கு முன் எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் 'ஸ்பீடு பூஸ்டர்' என்று ஒரு மென்பொருளைப் போட்டுவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் பல செய்தது, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் இந்த விண்டோ எண்ணை மாற்றுவதுதான். சிலருக்குப் பலித்தது, சிலருக்கு ஆகவில்லை. ஏன் என்று அன்றைக்குப் பலருக்கும் புரியவில்லை. இப்போது அதே பெயரில் கைபேசிக்கு வரும் செயலிகளைப் போட வேண்டாம், விளம்பரம்தான் வேகமாக வரும்.

ஆனால் கட்டுரையில் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். ஒன்று, எம்பிபிஎஸ் என்பது தண்டவாளம் எத்தனை என்பதைச் சொல்லும் எண். தூரத்தை, அதாவது போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லும் எண் வேறு, வேகச் சோதனை செய்யும்போது பிங் என்று ஓரத்தில் சின்னதாக வருமே, அது. நிறுவனங்கள் விளம்பரத்தில் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன, இரண்டாவதைப் பெரும்பாலும் போடுவதில்லை. திட்டங்களை ஒப்பிட்டு நீங்கள் போட்ட அட்டவணையிலும் அந்தக் கட்டம் இல்லை. அடுத்த முறை மாலை எட்டு மணிக்கு எடுத்த பிங்கையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு, வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் முந்நூறுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. ஒருவர் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து அது தயங்கித் தயங்கி வருகிறது என்றால், பணம் கட்டுவதற்கு முன் வைஃபையை விட்டுவிட்டு, ஒரு கேபிள் போட்டுக் கணினியை ரூட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் என்னைப் பார்த்துத் தானும் ஓர் இயங்குதளம் எழுதுகிறான். அவன் என்னைப் போலப் பிடிவாதக்காரன் இல்லை, எல்டபிள்யூஐபி என்ற தயார் டிசிபியை எடுத்துப் பொருத்திக்கொண்டான். ஸ்வீடனில் ஆடம் டங்கல்ஸ் என்பவர் எழுத ஆரம்பித்தது. போன மாதம் ஓடி வந்து, "தாத்தா, ஜெர்மனில இருந்து பன்னெண்டு கேபிக்கு மேல ஏற மாட்டேங்குது, வீட்டுல முந்நூறு பிளான் போடச் சொல்லவா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாயிரத்தை 0.18-ஆல் பெருக்கச் சொன்னேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த எண் உன் நிரலில் எங்கே இருக்கிறது, தேடு என்று அனுப்பினேன். இரவு பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே நின்று, "2144 தாத்தா! பெட்டி அளவு 536-ஐ நாலால பெருக்கி வெச்சிருக்காங்க!" என்று கத்தினான். அந்த மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. சில பத்து கிலோபைட் நினைவகம் உள்ள சின்னக் கருவிகளுக்காக எழுதியது அது, அங்கே அந்த எண் சரி. ஜெர்மனியை மனதில் வைத்து யாரும் அதைப் போடவில்லை. பையன் பெட்டி அளவு, விண்டோ, சேமிப்பு மூன்றையும் சேர்த்து மாற்றினான். சேமிப்பையும் மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தானே தோன்றியிருக்கிறது. எனக்கு அதற்கு நான்கு நாள் ஆனது. இப்போது லினக்ஸில் நெட்எம் என்ற வசதியால் செயற்கையாக 180 மில்லிநொடி தாமதம் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு ஜெர்மனி வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வாரம் மகள் இரண்டு பேரப்பிள்ளைகளோடு விடுமுறைக்கு வருகிறாள். மருமகனும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாராம். ஆகவே முந்நூறு திட்டத்துக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். மனைவி உங்கள் கட்டுரையைக் காட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல் ஊழியர்,
ராஜபாளையம்